மூன்று கோடும் ஒரு முள்ளும்

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. அந்த வருஷம் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில், வத்தலக்குண்டு ரோட்டோரம் இருந்த ஆனந்த்ராஜின் தகர ஷெட்டுக்குள் ஒரு படகு எஞ்சின் வந்து உட்கார்ந்துகொண்டு, ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் சூடு தணிய ஒரு டிரம் தண்ணீர் கேட்டது. ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "எந்தக் கம்மாயில விடப் போறீக?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஆனந்த்ராஜ் முதலில் சிரித்தான், பிறகு முறைத்தான், கடைசியில் காது கேளாதவன் மாதிரி இருந்துகொண்டான்.

எஞ்சின் தொண்டி முகமது பாரூக்கினுடையது. மீன் ஏற்றிப் போன அவருடைய லாரி முன்பொரு தடவை செம்பட்டிப் பக்கம் நின்றுபோனபோது, ஆனந்த்ராஜ் நடுரோட்டிலேயே எஞ்சினைப் பிரித்து ஓட வைத்தான். அன்றோடு பாரூக்கின் கணக்கில் உலகத்திலேயே ஒரு மெக்கானிக்தான் என்று ஆகிவிட்டது. கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் வந்ததும் படகிலிருந்து எஞ்சினைக் கழற்றி, அதே லாரியில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டார். பம்ப்செட்டும் லாரியும் பார்த்த கைதான் ஆனந்த்ராஜுக்கு. இருந்தாலும் அவன் சளைக்கவில்லை. முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுப் பெண்ணை ஜோடிப்பது போல ஜோடித்து வைத்திருந்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் வினை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் போட்டான்.

"மாப்ளே, முள்ளு ஏற மாட்டேங்குது. சாயங்காலம் வந்து பாரு."

முத்துக்கிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீட்டர் கடை வைத்திருந்தான். பஸ், ஆட்டோ, நிலக்கோட்டைப் பூ வேன் என்று எதன் ஸ்பீடோமீட்டர் படுத்தாலும் அவனிடம்தான் வரும். பழைய மீட்டரின் கிலோமீட்டர் சக்கரங்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஏன் திருப்பச் சொல்கிறார்கள் என்று அவன் கேட்பதில்லை. கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான். மற்றபடி ஒரு சாமான் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. படகு எஞ்சினின் மீட்டரை அவன் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடையைச் சீக்கிரமாகவே சாத்திவிட்டு, டி.வி.எஸ். வண்டியில் பறந்து வந்தான்.

ஷெட் வாசலில் ஆனந்த்ராஜின் மனைவி அன்புக்கரசி மில் வேலையிலிருந்து வந்த கையோடு காலிக் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. உங்க பங்குக்கு நீங்களும் ரெண்டு கொடம் ஊத்துங்க. வீட்ல வெஞ்சனம் வைக்கத் தண்ணியில்ல, இங்க எஞ்சினு குளிக்குது."

"சூடானா ஆற வச்சுத் திரும்ப ஊத்திக்கலாம்டி," என்றான் ஆனந்த்ராஜ். அவள் கையிலிருந்த குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். அந்த எஞ்சின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்கு மேல் போகாமல் தடுக்க ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. ஆனந்த்ராஜ் அதைச் சரியாக இரண்டாயிரத்தில் வைத்துப் பூட்டியிருந்தான். ஆனால் எஞ்சினோடு வந்த ஆர்பிஎம் மீட்டரின் முள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதிலேயே நின்றுவிட்டது.

"இதைப் போன்ல பாய்கிட்டச் சொல்லித் தொலைச்சுட்டேன். அவரு என்ன சொல்றாருன்னா, அந்த முள்ளு அவங்க அத்தா காலத்துலருந்து பொய் சொன்னதில்லையாம். முள்ளு ஏறலைன்னா எஞ்சினுக்குள்ளதான் கோளாறாம். ஞாயித்துக்கிழமை வாரேன், என் கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டுங்கிறாரு. பிரிச்சா திரும்பக் கோக்க ஒரு வாரம் ஆகும் மாப்ளே. புதன்கிழமை தடை முடியுது. ஊர்ப் படகெல்லாம் கடலுக்குப் போகும், அவரு படகு மட்டும் கரையில கெடக்கும். அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்பானரைத் தூக்குறது?"

"நீ ரெண்டாயிரத்தை எதை வச்சுப் பாத்த?"

"நீ சொல்லிக் கொடுத்ததுதான். டியூப்லைட்டு."

முத்துக்கிருஷ்ணனுக்கு அதைக் கேட்டதும் மனசு லேசானது. அந்த வித்தையை எங்கேயோ கேட்டு வந்து ஆனந்த்ராஜுக்குச் சொன்னவன் அவன்தான். கரண்ட் ஒரு வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. டியூப்லைட்டும் அத்தனை தடவை கண் சிமிட்டுகிறது. நமக்குத் தெரியாது, சுற்றுகிற சக்கரத்துக்குத் தெரியும். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓட்டினால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அந்தக் கோடு ஓர் இடத்தில் பளிச்சென்று காட்டிவிட்டு மறையும். சிமிட்டலுக்கு மூன்றில் ஒரு பங்கு சுற்று என்று சக்கரம் ஓடினால், ஒரு கோடு மூன்று கோடாகத் தெரிந்து அப்படியே அசையாமல் நிற்கும். அதுதான் இரண்டாயிரம். சித்தையன்கோட்டை வரைக்கும் எத்தனையோ பம்ப்செட்டுகளுக்கு ஆனந்த்ராஜ் இப்படித்தான் வேகம் வைத்துக் கொடுத்திருந்தான். முத்துக்கிருஷ்ணனும் கடையில் மீட்டர்களை இப்படித்தான் சோதிப்பான். பகல் வெளிச்சத்தில் கோடு தெரியாது, இருட்ட வேண்டும். அதனால் இருவருமே இந்த வேலையைச் சாயங்காலத்துக்குத்தான் வைத்துக்கொள்வார்கள்.

இருட்டியதும் எஞ்சினைக் கிளப்பினார்கள். தகரம் முழுக்க அதிர்ந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பெரிய சக்கரத்தின் மேல் மூன்று வெள்ளைக் கோடுகள் எழுந்து நின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் முத்துக்கிருஷ்ணனுக்கு இது அலுக்காது. விரலை வைத்தால் பிய்த்துக்கொண்டு போகிற சக்கரம், சுவரில் வரைந்த படம் போல நிற்கிறது. கோடுகள் இடையிடையே லேசாக முன்னும் பின்னும் ஆடின. புதிதாகக் கோத்த எஞ்சின் கொஞ்சம் அலைபாயத்தான் செய்யும் என்று அதை விட்டுவிட்டான். மீட்டரைப் பார்த்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

"முள்ளுதான் பொய் சொல்லுது," என்று தீர்ப்புச் சொன்னான்.

ஆனந்த்ராஜ் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. முத்துக்கிருஷ்ணன் மீட்டரைத் திறந்து, முள்ளைப் பிடித்து வைத்திருக்கும் மயிரிழைச் சுருளை ஒரு துளி நகர்த்தினான். மறுபடி ஓட்டினார்கள். மூன்று கோடும் நின்றன, முள்ளும் இரண்டாயிரத்தில் நின்றது. எதிர்க் கடையிலிருந்து டீயும் வடையும் வந்தன. ஆனந்த்ராஜ் தொண்டிக்குப் போன் போட்டு, "பாய், கோடு நிக்குது, முள்ளைச் சரி பண்ணியாச்சு, லாரியோட வாங்க," என்றான். குரலில் அப்படியொரு மிடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் முடிந்து ஆனந்த்ராஜ் வேட்டியைக்கூட மாற்றவில்லை, பாரூக் வந்து இறங்கிவிட்டார். வெயிலில் கறுத்த பெரிய உருவம், கையில் பழைய கடிகாரம். எஞ்சினைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனாலும் மீட்டரின் மேல்தான் கண்.

"சாயங்காலம் வரைக்கும் என்னால இருக்க முடியாது. இப்பவே ஓட்டிக் காட்டு. என்னமோ கோடு நிக்கும்னியே, அதையும் காட்டு."

தார்ப்பாயை வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜன்னலையும் சாத்தினார்கள். உள்ளே இருட்டாகிவிட்டது. அவர்கள் பகலில் இந்த வேலையைச் செய்வது அதுதான் முதல் தடவை. எஞ்சின் கிளம்பி, முழு வேகத்துக்கு ஏறி, ஸ்க்ரூவில் முட்டி நின்றது. முள் இரண்டாயிரத்துக்கு வந்து கும்பிட்ட மாதிரி நின்றது.

கோடுகள் நிற்கவில்லை.

மூன்று கோடுகளும் தெரிந்தன. ஆனால் மூன்றும் சேர்ந்து பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று துரத்துவது போல, விடாமல். ஆனந்த்ராஜ் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தான். பூட்டு அப்படியே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை.

"முந்தாநாளு நின்னுச்சு பாய், சத்தியமா நின்னுச்சு."

"இன்னிக்கு நிக்கலையே அப்பு," என்றார் பாரூக். கோபம்கூட இல்லை அவர் குரலில். அதுதான் ஆனந்த்ராஜைக் கொன்றது. "முன்ன முள்ளு ஏறல. நீங்க முள்ளைத் திருகிவிட்டீங்க. இப்ப முள்ளு ஏறிருச்சு, சக்கரம் பின்னால போகுது. எஞ்சினு வேகம் விட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? பிரிச்சுரு ஆனந்து."

ஆனந்த்ராஜ் எஞ்சினை நிறுத்திவிட்டு டூல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். முத்துக்கிருஷ்ணனுக்கு நண்பன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கஷ்டத்துக்கு அடியில் வேறொன்றும் அவனை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடுகள் ஏன் பின்னால் போயின? எஞ்சின் இரண்டு நாளில் கெட்டுப்போனது என்றால் முள்ளும் இறங்கியிருக்க வேண்டும். முள் அங்கேயே நிற்கிறது. எஞ்சின் மாறவில்லை, முள் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

சத்தம் நின்றதைப் பார்த்து அன்புக்கரசி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மேலே பார்த்து, "பகல்ல எதுக்கு லைட்டு? அதை அமத்துங்க," என்றாள். பிறகு, "சாயங்காலம்னாத்தான் இந்தக் கரண்டு இழுத்துக்கிட்டுக் கெடக்கும். மில்லுலயும் அதே கூத்துதான். விளக்கு வைக்கிற நேரம் வந்தா மெசினெல்லாம் சோம்பிப் போயிரும், நூல் உருண்டை நெறையவே நெறையாது. பகல் ஷிப்டுல அதே மெசினு பறக்கும்," என்று சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிப் போனாள்.

"அமத்தாதம்மா!" என்று முத்துக்கிருஷ்ணன் போட்ட சத்தத்தில் பாரூக் திரும்பிப் பார்த்தார்.

மில் மோட்டார் கரண்டின் துடிப்புக்குத் தக்கபடிதான் சுற்றும். அது சாயங்காலத்தில் சோம்புகிறது என்றால் துடிப்பே சோம்புகிறது என்றுதான் அர்த்தம். ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரத்தில் பாரம் தாங்காமல் கரண்ட் மெதுவாகத் துடிக்கிறது. துடிப்பு மெதுவானால் டியூப்லைட்டும் மெதுவாகத்தான் சிமிட்டும். மெதுவான சிமிட்டலில் மெதுவான சக்கரம்கூட நிற்கிற மாதிரி தெரியும், பகலில் சிமிட்டல் சரியானதும் அதே சக்கரம் பின்தங்கிவிடும். இருட்டு வேண்டும் என்று தேடித் தேடி, நாள் முழுவதிலும் விளக்கு மோசமாகப் பொய் சொல்கிற நேரமாகப் பார்த்தல்லவா அவர்கள் இத்தனை வருஷமாக வேலை பார்த்திருக்கிறார்கள்! முத்துக்கிருஷ்ணன் படகு மீட்டரைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பாவமும் அறியாத முள்ளைப் பொய் சொல்கிறது என்று திருகிவிட்டவன் அவன்தான்.

"மாப்ளே, தப்பு என் மேல," என்றான். "முள்ளு சரியாத்தான் சொல்லிச்சு. லைட்டுதான் ஏமாத்திருச்சு. உன் எஞ்சினு நல்ல எஞ்சினு. நீ ஸ்க்ரூவைப் பூட்டுன எடத்துல அது நிக்குது, அம்புட்டுத்தான். பூட்டுன எடம்தான் தப்பு."

"எப்படி நம்புறது?" என்று கேட்டார் பாரூக்.

நியாயமான கேள்வி. முத்துக்கிருஷ்ணன் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, ஒரு பஸ் ஸ்பீடோமீட்டரோடு திரும்பி வந்தான். கிலோமீட்டர் சக்கரமெல்லாம் பூஜ்யத்தில் இருந்த மீட்டர். படகு மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி இதில் மாட்டினான். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் கேபிளும் ஒரு சுற்று. கேபிள் ஆயிரம் சுற்றினால் இந்த மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறும்.

"இதுல இருக்கிற முள்ளைப் பாக்காதீக பாய், அதுவும் நான் சாயங்காலம் செட் பண்ணதுதான். கிலோமீட்டர் சக்கரத்தை மட்டும் பாருங்க. அது பல்லுச் சக்கரம், எண்ணத்தான் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. உங்க கடிகாரத்துல அஞ்சு நிமிஷம் பாத்துச் சொல்லுங்க. ரெண்டாயிரம் ஓடுனா பத்து கிலோமீட்டர் ஏறணும்."

எஞ்சின் ஓடியது. திண்டுக்கல்லின் எந்தப் பஸ்சும் காணாத வேகத்தில், நின்ற இடத்திலேயே, அந்தப் படகு எஞ்சின் கிலோமீட்டர்களைத் தின்றது. பாரூக் கடிகாரத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு, "நிறுத்து!" என்று கத்தினார். மூன்று தலைகளும் மீட்டரின் மேல் கவிழ்ந்தன. ஒன்பது கிலோமீட்டர், கடைசிச் சக்கரத்தில் ஆறும் ஏழும் பாதிப் பாதி தெரிந்தன. பழைய முள் சொன்ன அதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

ஆனந்த்ராஜ் நிமிர்ந்து, ஸ்பானரை எடுத்து, ஸ்க்ரூவின் பூட்டைத் தளர்த்தினான். ஒரு திருகு, அதற்கு மேல் ஒரு பொடித் திருகு. மறுபடி அஞ்சு நிமிஷம். பத்தை எட்டுகிற வரை திருகியும் ஓட்டியும் பார்த்தார்கள். நடுவில் டிரம் தண்ணீர் கொதித்துப்போய், அது ஆறும் வரை எல்லாரும் உட்கார வேண்டியதாயிற்று. முத்துக்கிருஷ்ணன் மயிரிழைச் சுருளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனான். அந்த இடத்தில் வருஷக் கணக்கில் இருந்ததன் தடம் மங்கலாகத் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. கேபிளைப் படகு மீட்டரிலேயே திரும்ப மாட்டி எஞ்சினை ஓட்டியதும் முள் இரண்டாயிரத்தைத் தொட்டது. டியூப்லைட்டின் கீழ் மூன்று கோடுகளும் நின்றன.

பாரூக்குக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"முந்தாநாளு லைட்டு சாட்சி சொல்லிச்சு. இன்னிக்கு பஸ் மீட்டர் சாட்சி சொல்லுது. முள்ளை ரெண்டு தடவை திருகிட்டீக, ஸ்க்ரூவையும் திருகிட்டீக. எல்லாத்தையும் திருகித் திருகி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக வச்ச மாதிரில்ல இருக்கு? நான் படிக்காதவன். எனக்குப் புரியிற மாதிரி ஒண்ணு காட்டுங்க. இல்லைன்னா பிரிச்சுரலாம், மனசுல சந்தேகத்தோட நான் ஆளுகளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

ஆனந்த்ராஜ் முத்துக்கிருஷ்ணனைப் பார்த்தான். இனி நீதான் கதி என்கிற பார்வை.

"அப்பச் சாயங்காலம் வரைக்கும் இருங்க பாய்," என்றான் முத்துக்கிருஷ்ணன். "எதையும் தொடப்போறதில்ல. ஸ்க்ரூ, முள்ளு ரெண்டும் இருந்த எடத்துலயே இருக்கட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாடி ஓட்டுவோம், கோடு நிக்கும். ஊரு லைட்டுப் போட ஆரம்பிச்சதும் சிமிட்டல் சோம்பிப் போயி இந்தக் கோடு முன்னால நடக்கணும், முள்ளு அசையாம நிக்கணும். நடந்துச்சுன்னா எஞ்சினை ஏத்திக்கங்க. நடக்கலைன்னா நானே கூட இருந்து பிரிச்சுத் தாரேன்." பாரூக் கடிகாரத்தைப் பார்த்தார், ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்து அங்கேயே உட்கார்ந்தார்.

சொல்லிவிட்டானே தவிர, அன்று மத்தியானம் முத்துக்கிருஷ்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் ஒழுங்காக இருந்து தொலைத்தால்? ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மில் ஓடுகிறதோ. நல்ல கரண்ட் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அன்றைக்குத் திண்டுக்கல்லில் அவனாகத்தான் இருப்பான்.

பொழுது சாய்கிற நேரத்தில் டிரம்மைப் பார்த்தால் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. யாரும் அன்புக்கரசியிடம் கேட்கவில்லை. அவளே எங்கெங்கோ அலைந்து கொண்டுவந்து ஊற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள்.

எஞ்சினைக் கிளப்பினார்கள். மூன்று கோடுகளும் எழுந்து நின்றன. நால்வரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. டிரம்மிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. ஆனந்த்ராஜ் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இன்னும் கொஞ்ச நேரம்தான் ஓட்ட முடியும்.

முதலில் பார்த்தது அன்புக்கரசி. "ஆடுது," என்றாள்.

கோடுகள் லேசாக நடுங்கின. ஒரு விரல்கடை முன்னால் போய்த் தயங்கி நின்றன. திரும்பக் கொஞ்சம் பின்னால் வந்தன. முத்துக்கிருஷ்ணன் சக்கரத்தருகே குனிந்தான். அதன் பிறகு மூன்றும் சேர்ந்து முன்னால் அடியெடுத்து வைத்தன, அவசரமில்லாமல், சாமி ஊர்வலம் கிளம்புவது போல. நகர்ந்து, நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் வட்டம் போட்டுச் சுற்றவே ஆரம்பித்துவிட்டன. முள் இரண்டாயிரத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பாரூக் தார்ப்பாயை விலக்கி வெளியே போனார். ரோட்டின் இரு பக்கமும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டீக்கடை, எதிர் வரிசை வீடுகள், தூரத்தில் மலைக்கோட்டைப் பக்கம் வரைக்கும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி வெளியே போய் விளக்குகளைப் பார்த்தார்.

"ஊரு லைட்டுப் போடுறது இந்தச் சக்கரத்துல தெரியுதேப்பா," என்றார். அந்தப் பெரிய மனிதரின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

ஆனந்த்ராஜ் எஞ்சினை நிறுத்தினான். காது ரொய்யென்று இரைந்தது. பாரூக் படகு மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"கடல்ல நமக்கு டியூப்லைட்டு கெடையாது அப்பு. வலை எறங்குனா இந்த முள்ளு ஒண்ணுதான் கண்ணு. திருகின மேனிக்கே நான் கொண்டுபோயிருந்தா, இத்தனை வருஷம் பொய் சொல்லாததை நம்பி ஏமாந்திருப்பேன்." அவர் முத்துக்கிருஷ்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. முத்துக்கிருஷ்ணனுக்குத்தான் தலை நிமிரவில்லை. பாரூக் லாரிக்காரனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எஞ்சினை ஏத்துங்கப்பா!"

ஆனந்த்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவன் பெண்டாட்டிக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நாளெல்லாம் கிலோமீட்டர் கிலோமீட்டரா ஓடுனீங்களே, வாரப்ப ஒரு கொடம் தண்ணி கொண்டாந்தா என்ன?"

லாரி போன பிறகு முத்துக்கிருஷ்ணன் தானாகவே நான்கு காலிக் குடங்களை எடுத்து டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு, லாரித் தண்ணீர் வருகிற தெருவை நோக்கிக் கிளம்பினான். ரோட்டில் ஒரு நிலக்கோட்டைப் பூ வேன் அவனைக் கடந்து போனது. டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் வண்டி மீட்டரும் அவன் வேலைதான். அவன் தன் வண்டியின் மீட்டரைக் குனிந்து பார்த்தான். முள் நாற்பதில் நின்றது. அதுவும் சாயங்கால லைட்டில் வைத்த முள்தான், நாற்பது இல்லை என்று அவனுக்குத் தெரியும். நாளைக்குக் காலையில், வெயில் ஏறிய பிறகு, முதல் வேலையாக இதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.